துண்டில் முடிந்த செம்மண்

மரக்காணம் அளத்தில் விடியலிலிருந்து உப்பு வாரினால் யாருக்கும்தான் இடுப்பு விட்டுப்போகும். ஆனால் கொளஞ்சியம்மாளை அலுக்க வைத்தது ஊர் வாய். தலைப்பிள்ளை தலை வீங்கிப் பிறந்து, கண் தெரியாமல் கிடந்து, மூன்றாம் மாதம் போய்விட்டது. "புள்ளத்தாச்சி உப்புத் தண்ணியில நின்னா வேற எப்பிடிப் பொறக்கும்?" என்றாள் கூட வேலை செய்யும் பாஞ்சாலை. அவளும் அதே தண்ணீரில் நின்றுதான் நான்கு பெற்றாள். அதை யார் கேட்பது?

புருஷன் சகாதேவன் தங்கமானவன். அந்த முதல் மசக்கையில் அவள் மண்ணுக்கு ஏங்கியபோது, அளத்து உப்பு மண் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தான். அளத்துக் கொட்டகைச் சுவர் பூச வருஷா வருஷம் முதலியார்சாவடியிலிருந்து வண்டியில் வரும் செம்மண் அங்கே குவிந்து கிடந்தது. தினமும் அதில் ஒரு பிடி துண்டில் முடிந்து வருவான். "உப்பு படாத மண்ணு புள்ள, பயப்படாம தின்னு." அவளும் ஆசையாய்த் தின்றாள்.

எழுபத்து நாலில் மறுபடி உண்டானாள். பயத்தில் இருவரும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவள் ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்த டாக்டரம்மா, அடுத்த முறை அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"மொத புள்ளைக்கு வந்தது உப்பால இல்லம்மா. பூனை கழிக்கிற மண்ணுல ஒரு கிருமி இருக்கும். அது வாய்க்குள்ள போனா அம்மாவுக்கு லேசாக் காய்ச்சல் வந்து போயிடும். வயித்துல இருக்கிற புள்ளையத்தான் பாழாக்கும். மண்ணு கிண்ணு தின்னியா?"

கொட்டகையில் எலிக்காக வளர்த்த பூனைகள் அவள் நினைவுக்கு வந்தன. சுற்றிலும் ஈரமும் உப்புமாக இருக்க, அவை தோண்டி மூட அந்தச் செம்மண் குவியல் ஒன்றுதான் இருந்தது.

"தின்னேங்க. நானாத்தான் எடுத்துத் தின்னேன்."

"ஒருதரம் வந்துட்டா அடுத்த புள்ளைக்குப் பெரும்பாலும் வராது. தைரியமா போ. மண்ணு மட்டும் வேணாம்."

வெளியே சகாதேவன் எழுந்து நின்றான். "என்னா சொன்னாங்க?"

"உப்பால இல்லியாம்."

"பின்ன எதாலயாம்?"

அவன் தோளில் அதே துண்டு. அந்தப் பிள்ளை உயிரோடு இருந்த மட்டும் அந்தத் தோளில்தான் கிடந்தது. சொன்னால் இந்த மனுஷன் தாங்கமாட்டான்.

"என்னமோ கிருமியாம். இதுக்கு வராதாம்."

அவன் அங்கேயே அழுதுவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் வந்தவன், சிரித்துக்கொண்டே துண்டின் முடிச்சை அவிழ்த்தான். செம்மண் வாசனைக்கு அவள் வாயில் எச்சில் ஊறியது.

"வேணாங்க. இந்தவாட்டி எனக்கு உப்பு மேலதான் ஆசை."

"நாளெல்லாம் உப்புல நிக்கிறவளுக்கு உப்பு ஆசையா?" சிரித்தபடி மண்ணைத் தெருவில் உதறினான்.

உப்புச் சட்டியிலிருந்து ஒரு கல் எடுத்து வாயில் போட்டாள். தொண்டை எரிந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். இன்னொரு கல் எடுத்தாள்.