வெள்ளம், வண்டி, கோலாட்டம்: மூன்றுக்கும் ஒரே மேஜை

புகார் வாங்கும் உத்தியோகத்தில் இருப்பவருக்குக் காது இரண்டு போதாது, வாய் ஒன்றே அதிகம்.

மும்பையில் ஒரு வார்டு ஆபீஸில் நான் கிளார்க். இங்கே வார்டுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துத்தான் பெயர். எங்கள் எழுத்து எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என்னை வேறு எழுத்துக்கு மாற்றிவிடுவார்கள். எல்லைக்குள் தாராவியும் வரும், மாதுங்காவில் ஒரு துண்டும் வரும். நான் செம்பூர்க்காரி, தமிழ் தெரியும் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தமிழில் கத்துகிறவர்கள் எல்லாரையும் என் மேஜைக்கே அனுப்புகிறார்கள். போதாததற்கு மழைத்தண்ணீர், பார்க்கிங், சமூகக் கலை மூன்றையும் மேற்பார்வை பார்க்க ஒரு கமிட்டி போட்டு, அதற்கும் என்னையே குறிப்பெழுத வைத்தார்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியவர்களே, இந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

முழங்காலா, இடுப்பா?

வெள்ளப் புகார் படிவத்தில் ‘தண்ணீரின் உயரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் அடிக்கணக்கில் சொல்வதில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று உடம்பைத் தொட்டுக் காட்டுவார்கள். நானும் அப்படியே எழுதி இன்ஜினியருக்கு அனுப்பிவிடுவேன்.

ஒரு நாள் தாராவியிலிருந்து செல்லையா அண்ணாச்சி வந்தார். தோல் பை தைக்கிற பட்டறைக்காரர், ஆறடி ஆள். கூடவே மனைவி இசக்கியம்மாள். இட்லி அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவர், அண்ணாச்சியின் மார்புக்குக்கூட எட்ட மாட்டார். “முட்டளவுதான் வந்துச்சு, கூட்டிச் சொல்லாத” என்றார் அவர். “ஒங்களுக்கு முட்டு, எனக்கு இடுப்புல்லா!” என்றார் இவர். கவுன்ட்டரில் கால் மணி நேரம் சண்டை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், ஒரு கட்டம்தான் இருக்கிறது என்று நான் குரலை உயர்த்தினேன். இசக்கியம்மாள் அமைதியாகச் சொன்னார்:

“ரெண்டையும் எழுதுங்கக்கா. ஒரே வீட்டுல ரெண்டு வெள்ளம் வந்துட்டுன்னு சொன்னாலாவது சீக்கிரம் வருவாங்கல்லா?”

வராத காருக்கு ஓர் இடம்

மாதுங்காவிலிருந்து ராமநாதன் சார் தினமும் வருவார். ஓய்வுபெற்ற ஆபீஸர். மழையோ வெயிலோ, ஆபீஸ் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். தன் கட்டிட வாசலில் யாரோ வண்டியை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் புகார். மற்றவர்கள் நிறுத்தாமல் இருக்க அங்கே நான்கு பூந்தொட்டியும் ஓர் உடைந்த நாற்காலியும் வைத்திருந்தார். அந்தத் தொட்டிகளைப் பற்றி அக்கம்பக்கத்தார் கொடுத்த புகார்களும் என்னிடமே வந்தன. இவர் தொல்லை தாங்காமல் மேலே உட்கார்ந்திருந்த புண்ணியவான் யாரோ இவரையே கமிட்டித் தலைவராக்கிவிட்டார். அன்றோடு புகார் நின்றது, உத்தரவு ஆரம்பித்தது.

ஒரு நாள் படிவத்தில் வண்டி நம்பர் எழுதும் கட்டத்தைக் காட்டி, “உங்கள் கார் நம்பர் என்ன சார்?” என்று கேட்டேன். கார் இல்லையாம். புனாவில் இருக்கும் மாப்பிள்ளைக்காம் அந்த இடம். அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டதற்கு, கல்யாணம் முடிந்து ஒரு தடவை வந்தார் என்றார். அதுவும் ரயிலில்! பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“வரலேங்கறதுக்காக இடத்தை விட்டுடறதா? நாளைக்கே வந்து நின்னா மாப்பிள்ளை காரை நான் தலையிலயா வச்சுக்கறது?”

ஆட்டோவோடு ஆடியது

தாராவிக்கும் மாதுங்காவுக்கும் நடுவே எங்கள் வார்டுக்கு ஒரு ஹால் இருக்கிறது. கொஞ்சம் மேடான இடம். மழை பிடித்ததும் சுற்றுவட்டாரத்து ஸ்கூட்டர், ஆட்டோ எல்லாம் அங்கே ஏறிவிடும். வெளியே நிறைந்தால் உள்ளேயும் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் கூடினால் வண்டி கூடும், வண்டி கூடினால் கலை குறையும். மூன்று விஷயத்தையும் ஏன் ஒரே கமிட்டிக்குக் கொடுத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த தலைவருக்கு அந்த ஹால் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு விதி எழுதினார். மழைக்காலத்தில் கமிட்டி மூன்று முறை ஹாலைப் பார்வையிடும். பதிவு பெற்ற குழு ஒன்று மேடையிலோ, கமிட்டி அனுமதித்த வேறு இடத்திலோ நிகழ்ச்சி நடத்துவதை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஹால் நிரந்தரமாகப் பார்க்கிங் ஆகிவிடும்.

அங்கே கோலாட்டம் பழகியது நம் இசக்கியம்மாளும், கூட இட்லி அவிக்கிற பதினொரு பெண்களும் சேர்ந்த, பதிவு பெற்ற குழு. கருக்கலில் எழுந்து மாவோடும் ஆவியோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரைதான் சொந்த நேரம். அவர்கள் வீட்டு அறையில் கோலை ஓங்கினால் ட்யூப் லைட் உடையும். ஹால் போனால் கோலாட்டமும் போனதுதான். முதல் முறை கமிட்டி போனபோது மேடையில் ஒரு டீசல் பம்பு உட்கார்ந்திருந்தது. வெள்ளத்தண்ணீரை இறைக்கிற பம்பு மழையில் நனைந்துவிடக் கூடாதாம், ஏற்றி வைத்திருந்தார்கள். பெண்கள் கீழே ஸ்கூட்டர்களுக்கு நடுவில் ஆடினார்கள். ஓர் ஆட்டோ பின்னால் வந்தது, வட்டம் விலகியது. ஆட்டோ நின்றது, வட்டம் கூடியது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. “மேடையில இல்லையே, ரூல்னா ரூல்” என்று தலைவர் படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டார். இசக்கியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

“அவன் ரிவர்ஸ் எடுக்குத நேரம் நாங்க நிப்பாட்டுதோம், நாங்க குனியுத நேரம் அவன் நிப்பாட்டுதான். இது கலை இல்லாம வேற என்னது சார்?”

சாவந்த் எழுதிய பட்டியல்

எங்கள் ஸ்டோர் கீப்பர் சாவந்த் மராட்டிக்காரர், நான் ‘பாவு’, அதாவது அண்ணா என்று கூப்பிடுவேன். என்னோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர், பொய் சொல்லத் தெரியாதவர். அந்த வாரம் ஹாலில் இருக்கும் சாமான்களுக்குப் பட்டியல் எடுக்கப் போனார். கலைப்பிரிவுப் படிவத்தில் மூன்றே பத்திதான்: உடை, திரைச்சீலை, வாத்தியம். இருக்கிற சாமான் எதையும் விடக்கூடாது என்று உத்தரவு. ஆகவே மனிதர் டீசல் பம்பை வாத்தியத்தில் எழுதிவிட்டார். ஆர்மோனியம் ஒன்று, ஜால்ரா இரண்டு ஜோடி, பம்பு ஒன்று. நானும் டீயைக் குடித்துக்கொண்டே படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த டீயை இன்று நினைத்தாலும் கசக்கிறது.

பட்டியல் மேலே போய் முத்திரை குத்தித் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன். தலையில் அடித்துக்கொண்டு, “என்ன பாவு இது?” என்று கேட்டேன். சாவந்த் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு சொன்னார்:

“மேடம், உடுத்த முடியாது. தொங்கவிட முடியாது. ஆவாஸ், சத்தம் மட்டும் நல்லா வருது. அப்புறம் வாத்யம்தானே?”

நடுவில் பம்பு

மேடையிலிருந்து பம்பை எடுத்துப் போங்கள் என்று வெள்ளப்பிரிவுக்கு எழுதினேன். எங்கள் பட்டியலில் அப்படி ஒரு பம்பு இல்லை, வாத்தியங்களை நாங்கள் தொடுவதில்லை என்று பதில் வந்தது. பட்டியலைத் திருத்தலாம் என்றால் பெரிய ஆபீஸர் கையெழுத்து வேண்டும். அவர் மழைக்காலம் முழுவதும் ரவுண்ட்ஸில் இருந்தார். இரண்டாவது பார்வை வந்துவிட்டது. பெண்கள் பம்பைச் சுற்றி மேடை ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நின்று ஆடினார்கள். வட்டம் சுற்ற இடமில்லை. ஒருத்தியின் சேலையெல்லாம் ஆயில். என் ஒரு கையெழுத்தால் வந்த வினை என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு பார்வைதான் பாக்கி. தலைவரோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

“ஏம்மா, இது கோலாட்டமா, ரேஷன் கடைக் கியூவா?”

ஒன்ஸ் மோர்

மூன்றாவது பார்வைக்குக் குறித்த நாளில் விடிந்ததிலிருந்தே மழை கொட்டியது. காலை பத்து மணிக்குத் தலைவரிடமிருந்து போன். அவர் கட்டிட வாசலில் முழங்கால் தண்ணீர், கீழ்த்தள வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது, அவர் வீடு கீழ்த்தளம். “பம்பை அனுப்பும்மா, சீக்கிரம்!” வெள்ளப்பிரிவு பம்புகள் எல்லாம் ஏற்கெனவே வேறு இடங்களுக்குப் போயிருந்தன. மிச்சமிருந்தது ஹால் மேடையில் இருப்பது மட்டும். சாவந்த் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றார். வாத்தியத்தைப் பதிவு பெற்ற குழுவுக்கு, நிகழ்ச்சிக்கு மட்டும்தான் கொடுக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் உடனே திரும்பி வந்துவிட வேண்டும். இதுவும் தலைவர் எழுதிய விதிதான். போனில் அவருக்கே வாசித்துக் காட்டினேன். “என் வாசல்லயே நிகழ்ச்சி நடத்தட்டும், அனுமதி குடுத்தாச்சு” என்றார்.

இசக்கியம்மாளைக் கூப்பிட்டேன். அவர்கள் சந்தில் அன்று கணுக்கால் தண்ணீர்தான், உடனே வருகிறோம் என்றார். பன்னிரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்கள். பம்பைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். சாவந்த் பம்பை ஓட்டினார். அது டபடப என்று அடிக்க, அந்த அடிக்கே கோலைத் தட்டி, மாவு மிஷின் பாதியில் நின்றுபோனதைப் பற்றி அவர்களே கட்டிய பாட்டைப் பாடினார்கள். முழங்கால் தண்ணீரில் வட்டம் சுற்றியபோது கட்டிடம் முழுக்க ஜன்னல்கள் திறந்தன. பாட்டு முடிந்தது, தண்ணீர் வடியவில்லை. விதிப்படி சாவந்த் பம்பை நிறுத்தக் குனிந்தார். பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு படியில் நின்ற தலைவர் அலறினார்: “ஒன்ஸ் மோர்!”

அப்படி ஏழு தடவை ஒன்ஸ் மோர் கேட்டார். தண்ணீர் வடிந்ததும் குடைக்குள் நீட்டிய படிவத்தில், நிகழ்ச்சியைக் கண்ணால் கண்டேன் என்று கையெழுத்துப் போட்டார். ஹால் தப்பியது. மூன்றிலிருந்து ஐந்து வரை உள்ளே ஒரு ஸ்கூட்டர்கூட ஏறக்கூடாது என்று கமிட்டிக் குறிப்பில் நானே எழுதினேன், இந்தத் தடவை இரண்டு முறை படித்துவிட்டு. ஆனால் கையெழுத்தைவிட எனக்கு மனதில் நிற்பது முதல் ஒன்ஸ் மோரை அவர் கேட்ட நிமிடம்தான். இசக்கியம்மாள் இடுப்புத் தண்ணீரில் நின்றபடி இரண்டு கோலையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தலைவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

“தண்ணி வடியுத மட்டும் ஆடுதோம் சார். ஆனா கையைக் கெட்டிக்கிட்டு நிக்காதீங்க, தட்டுங்க. நீங்க தட்டலைன்னா நிகழ்ச்சி நடந்துச்சுன்னு அக்கா எப்படி எழுதுவாங்க?”

இத்தனை வருட சர்வீஸில் தண்ணீரையும் வண்டியையும் எங்களால் ஓர் அங்குலம்கூட நகர்த்த முடிந்ததில்லை, கலையை ரசிக்காத ஒரு மனிதரை ரசிக்க வைக்க மட்டும் அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் போதும் என்று கண்டுகொண்டேன்.