அகஸ்ரின் அண்ணையின் குடிகார வேடம்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கும் தகப்பன்மார், கார்க் கதவு சாத்துப்படமுன்னமே பறந்துவிடுவார்கள். அகஸ்ரின் அண்ணை மட்டும் உள்ளே வந்து, "யூஜினி ரீச்சர், கதிரை அடுக்க வேணுமோ?" என்று கேட்பார். அவருக்கென்ன, நேரம் கொட்டியா கிடந்தது? மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டி ஏற்றும் வேலை. நகரத்தின் மறுகோடியில் நாங்கள் இருந்த மோர்னிங்சைட்டிலிருந்து தினமும் போய்வரவே மூன்று மணித்தியாலம் போய்விடும்.

மன்னார்க்காரர். எண்பத்துநாலில் தனியாக இந்த நாட்டுக்கு வந்து, அடுத்த வருடம் மனைவி வேரோனிக்காவையும் ஒரே மகள் அருள்மலரையும் எடுப்பித்தவர். ஊரில் தவக்காலத்துப் பாஸ்கு நாடகத்தில் வருடா வருடம், காட்டிக்கொடுக்கிற யூதாஸாக நடித்தாராம். அந்த வேடத்தை வேறு ஒருவரும் தொடமாட்டார்களாம். "ஆரோ ஒருத்தன் நடிக்கத்தானே வேணும் ரீச்சர்" என்பார்.

எண்பத்தேழு மாசியில் எங்கள் வகுப்புப் பெடியன்கள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பியரோடு பிடிபட்டார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரே இருப்பில் ஒரு நாடகம் எழுதிவிட்டேன். குடிகாரத் தகப்பன், அவனைப் பார்த்துப் பழகும் மகன். சரி, குடிகாரனாக யார் நடிப்பது? குடியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆம்பிளைகள் எல்லாரும் அன்று நிலத்தில் எதையோ தேடினார்கள். அகஸ்ரின் அண்ணைதான் கையைத் தூக்கினார்.

அவர் குடிகாரனில்லை, பார்ட்டிக்கு மட்டும் எடுப்பவர். எங்கள் பார்ட்டி எப்படியென்று தெரியும்தானே. ஆம்பிளைகள் ஓர் அறையில் போத்திலோடு, பெண்கள் குசினியில், நடுவில் பிள்ளைகள். "பிள்ளை, ஐஸ் கொண்டா. பிள்ளை, இந்தக் கிளாஸுகளை எடு." பெடியன் போத்தில் பக்கம் திரும்பினால் காதைத் திருகுவோம். பெட்டை ஓடி ஓடிச் செய்தால் கெட்டிக்காரி என்போம். அருள்மலர் அந்தக் கெட்டிக்காரிகளில் முதலாவது.

நாடகத்துக்கு ஒரு வெறும் விஸ்கிப் போத்திலும், அதில் ஊற்றப் பால் விடாத தேத்தண்ணீரும் வேண்டும். போத்திலை யாரிடம் கொடுத்து வைப்பது? "பெடியளிட்டைக் குடுத்தால் பாலுக்குப் பூனை காவல். அருள்மலரிட்டைக் குடுங்கோ, அவள் பெட்டைப்பிள்ளை" என்று சொன்ன மகராசி வேறு யாருமில்லை, நானேதான்.

நாடகத்தன்று மண்டபம் நிறைய ஆட்கள். சும்மா சொல்லக்கூடாது, அண்ணை தள்ளாடி வந்தாலே சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது காட்சியில்தான் போத்தில் வரும். அதை அண்ணாந்து பாதி குடித்துவிட்டு, "இந்தா, நீயும் குடியடா" என்று மகனிடம் நீட்டவேண்டும். ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார்.

வசனம் மறந்துபோச்சு, மாதாவே என்று பதறி, திரைக்குப் பின்னாலிருந்து நான் அடியெடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் விழவில்லை. மற்றப் பக்கம் நின்ற அருள்மலரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மகனாக நடித்தவன் கையை நீட்டினான். அண்ணை போத்திலைக் கொடுக்கவில்லை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஐஸ் கொண்டா எண்டு ஆர் கூப்பிட்டது? நான். கிளாஸை எடு எண்டு ஆர் சொன்னது? நான். இப்ப உன்னை அடிக்க எனக்கு என்ன முகம் இருக்கு?"

நான் எழுதாத வசனம். சிரிப்பு நின்றுபோனது. பிறகு எழும்பி நின்று கை தட்டினார்கள். "என்ன நடிப்பப்பா!" என்று தோளில் தட்டினார்கள். மேசையை ஒதுக்கும்போது போத்திலைத் தூக்கினேன். குப்பென்று சாராய மணம் அடித்தது. ஐயோ, தேத்தண்ணீரில்லை.

நானும் அவர்கள் கட்டிடத்தில்தான் இருந்தேன். அவர்கள் காரில் அருள்மலரோடு பின்சீற்றில் ஏறினேன்.

"எங்காலை எடுத்தனீ பிள்ளை?" என்று பாதி வழியில் அண்ணை கேட்டார்.

"பார்ட்டியளில கிளாஸுகளில மிஞ்சிறது. கழுவ முன்னம் ஊத்தி வைப்பன். வீட்டில ஒளிச்சா அம்மா பிடிச்சிடுவா. டிராமா போத்திலை ஒருத்தரும் மணந்து பாக்கமாட்டினம். இண்டைக்கு அவசரத்தில தேத்தண்ணி மாத்த மறந்திட்டன்."

"ஏனம்மா?"

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போனா ஸ்கூலில இங்கிலிஸ் பயமில்லாமல் வரும், அப்பா. இல்லாட்டி சிரிப்பாங்கள்."

பதினைந்து வயது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் என் முன்னால் இருந்தவள். அவள் தமிழில் எழுத்துப்பிழை பார்த்தேனே தவிர, முகத்தை நான் பார்க்கவேயில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

கட்டிடத்துக்கு முன்னால் அண்ணை காரை நிற்பாட்டினார். அருள்மலர் இறங்கவில்லை.

"அம்மாட்டைச் சொல்லப்போறியளோ?"

"ஓம். மறைச்சால் நாளைக்கும் குடிப்பாய். முதல் நான் செய்ததை நான் சொல்லுறன். பிறகு உன்னைப் பற்றி நானே சொல்லுறன். நீ பக்கத்தில நிண்டால் காணும்."

"நானும் வாறன் அண்ணை. போத்திலை அவளிட்டைக் குடுக்கச் சொன்னது நான்" என்றேன்.

மூவரும் ஏழாம் மாடிக்குப் போனோம். சனிக்கிழமை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த வேரோனிக்கா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்து, "என்னப்பா, சனம் நல்லாச் சிரிச்சுதோ?" என்று கேட்டார். அண்ணை தொண்டையைச் செருமினார். "முதல் நான்..." என்று தொடங்கி, திரும்பி மகளைப் பார்த்தார்.

அருள்மலர் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, "அம்மா, நான் குடிக்கிறனான்" என்றாள்.