செய்யக்கூடாத பத்தொன்பது

வீடியோ கேம் பெட்டி விற்கும் ஒரு கம்பெனியின் பழுதுபார்க்கும் கவுன்ட்டரில் அவள் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். பலகையில்தான் அப்படி எழுதியிருந்ததே தவிர, அங்கே யாரும் எதையும் பழுதுபார்க்கவில்லை. வணிக வளாகத்தின் இரண்டாவது மாடி, பிறை வடிவில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் அவள். வருகிறவர்களிடம் பெட்டியை வாங்கி, மூன்று பிரதியில் ரசீது எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி, தலைமை நிலையத்துக்கு லாரி ஏற்றிவிட வேண்டும். பிறகு, நாற்பத்தைந்து நாள் ஆகும் என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். மெக்கானிக் என்று ஒருவர் ஒருகாலத்தில் இருந்தார். அவர் ஓய்வு பெற்றுப் போனபின் அவருடைய ஸ்குரூடிரைவர் மட்டும் இழுப்பறையில் கிடந்தது.

வருகிறவர்கள் அவளைக் கவுன்ட்டரக்கா என்றார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

பெட்டிகளின் வியாதியை அவள் படித்தது ஆபீசில் அல்ல, வீட்டில். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் பகலெல்லாம் உட்கார்ந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரைச் சுற்றி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கார் ரேஸ் விளையாட்டைப் போட்டு இருநூற்றைம்பதில் பறந்தால்தான் அவருக்கு மூச்சே சீராகும். அந்தப் பெட்டியோ நாலு கை மாறி வந்தது. அதற்கு இல்லாத சீக்கு இல்லை. கார் தானாக இடப்பக்கம் இழுக்கும். பாதி ரேஸில் சூடேறி அணையும். டிஸ்க்கைப் போட்டால் டிஸ்க்கைக் காணோம் என்று திரையில் சொல்லும். பெட்டி படுத்துவிட்ட நாட்களில் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவளே கையில் எடுத்தாள். கன்ட்ரோலர் குமிழுக்கு அடியில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தாள். பெட்டிக்கு அடியில் நாலு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்துக் காற்றோட விட்டாள். ஒருநாள் எரிச்சலில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அது டிஸ்க்கைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று அவளுக்கும் விளங்கவில்லை. படிக்கிறதா, போதும்.

ஆபீசில் மட்டும் இதைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை. வீட்டு வைத்தியம் எதையும் ஊழியர்கள் சொல்லித்தரக் கூடாது என்று கண்ணாடியின் உள்பக்கமே ஒட்டியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் ஒரு வார்டு நர்ஸ் சீருடையோடு வந்தாள். பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தியிருந்தாள். அவள் கணவருக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. கட்டைப் பிரிக்க நாற்பத்தைந்து நாள். அவரை ஒரே இடத்தில் உட்கார வைத்திருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். அது டிஸ்க்கைப் படிக்காமல் போன நாளிலிருந்து, அவர் படுக்கையில் இருந்தபடியே அவள் சமையலுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். சொல்லும்போதே நர்ஸின் குரல் தழுதழுத்தது.

நாற்பத்தைந்து நாள் ஆகும் என்று சொல்வதற்குப் பதில் கவுன்ட்டரக்கா ரசீதுப் புத்தகத்தை மூடிவைத்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்தாள்.

"தலைகீழா கவுத்து வச்சுப் பாத்தீங்களா?"

நர்ஸ் விழித்தாள். "யாரை? அவரையா?"

"பெட்டியை."

மறுநாளே நர்ஸ் வந்துவிட்டாள், பெட்டி இல்லாமல், சிரிப்போடு. அவள் வார்டில் சொல்ல, வார்டு வெளியே சொல்ல, ஒரே மாதத்தில் மாடிப்படி வரைக்கும் வரிசை நின்றது. யாரும் பெட்டியைக் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து, நேற்றிலிருந்து வலப்பக்கம் இழுக்கிறது, பத்து நிமிஷம் ஓடினால் கொதிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னார்கள். அவள் பேனாவைத் திறந்து ரசீது எழுதுகிற பாவனையில், தலை நிமிராமல் வைத்தியம் சொன்னாள். துண்டைச் சுற்றிச் சூடேற்றினால் செத்த பெட்டி பிழைக்குமாமே என்று கேட்டவர்களை மட்டும் அதட்டி அனுப்பினாள். மூன்று நாள் பிழைக்கும், அப்புறம் எந்தக் காலத்திலும் எழுந்திருக்காது என்றாள்.

நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டாள். அவர்களும் வாக்குத் தவறவில்லை. கவுன்ட்டரக்கா இதைச் சொல்லவில்லை என்ற முன்னுரையோடுதான் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள்.

மாதம் நூற்று நாற்பதாக இருந்த ரசீது ஒன்பதுக்கு இறங்கியது. மண்டல மேலாளர் நேரில் வருகிறார் என்று தகவல் வந்தபோது, பிடிபட்டுவிட்டோம் என்றே அவள் நினைத்தாள். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கிராஃப் சார். மனிதர்களைப் பார்த்தாலும் ஏறுகிறார்களா இறங்குகிறார்களா என்றுதான் பார்ப்பார். வந்தவர் ஒரு வரைபடத்தை விரித்தார். கோடு மாடிப்படியில் உருண்டதுபோல் இறங்கியிருந்தது. பெட்டிகளின் தரம் உயர்ந்துவிட்டது என்பதற்கு இந்தக் கவுன்ட்டர்தான் சாட்சி என்று சொல்லி, சிறந்த கவுன்ட்டர் என்று பொறித்த கண்ணாடிக் கேடயத்தை அவள் கையில் கொடுத்தார். திருடப் போன வீட்டில் உட்காரவைத்து விருந்து போட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. புகாரே வராத இடத்தில் கவுன்ட்டர் தேவையில்லை, மூடுகிறோம், இதுவரை ஆற்றிய சிறப்பான பணிக்கு நன்றி. கீழே கிராஃப் சாரின் கையெழுத்து.

மாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். "நல்லா வேலை பாத்ததுக்காக அனுப்பிட்டாங்கன்னுதானே போட்டிருக்கு?"

"நானும் அப்படித்தான் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். பல வாரங்களுக்குக் காலை பத்து மணியானால் அவள் வலதுகை ரப்பர் ஸ்டாம்பைத் தேடியது.

ஐந்து மாதம் போயிருக்கும். கிராஃப் சாரே போன் செய்தார். மற்ற ஊர்க் கவுன்ட்டர்களில் புகார் குவிகிறதாம். ஜனங்கள் வீட்டிலேயே கண்டபடி நோண்டிக் கெடுத்துவிட்டுக் கொண்டுவருகிறார்களாம். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று ஒரு எச்சரிக்கைத் தாள் அச்சடித்து ஒவ்வொரு பெட்டியோடும் வைக்கப்போகிறார்கள்.

"பதினோரு வருஷம் உக்காந்து பாத்தவங்க நீங்க. ஜனங்க என்னென்ன பண்றாங்கன்னு ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க. எல்லாத்தையும் தடை பண்ணிடலாம்" என்றார்.

அவள் சிரத்தையாக உட்கார்ந்து எழுதினாள். எதைச் செய்யக் கூடாது என்பது அரைகுறையாக இருந்தால் ஜனங்கள் குழம்புவார்கள் என்று நினைத்தாள். அதனால் இப்படி எழுதினாள்: "குமிழ் ஒரு பக்கமாக இழுத்தால், பெட்டியை அணைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியைக் குமிழின் அடியில் விட்டு, வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று துடைத்து, பத்து நிமிஷம் உலரவிடக் கூடாது." இன்னொன்று: "சூடேறும் பெட்டியை, ஒரே உயரமுள்ள நாலு பாட்டில் மூடிகளின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கக் கூடாது."

ஏழாவதை எழுதும்போதுதான், தான் எழுதிக்கொண்டிருப்பது என்ன என்று அவளுக்கே உறைத்தது. பேனாவை மூடிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு எட்டாவதை இன்னும் விளக்கமாக எழுதினாள்.

மொத்தம் பத்தொன்பது. கடைசியாக வந்தது துண்டு விவகாரம்: "துண்டைச் சுற்றிச் சூடேற்றக் கூடாது. நிஜமாகவே கூடாது." சட்ட ஆலோசகர் அந்த இரண்டாவது வாக்கியம் எதற்கு என்று கேட்டாராம். இருந்துவிட்டுப் போகட்டும், அழுத்தமாக இருக்கிறது என்று கிராஃப் சார் விட்டுவிட்டார்.

தாள் வெளியான நாலாவது மாதம் மண்டலம் முழுக்கக் கோடு சரிந்தது. ஜனங்கள் எச்சரிக்கைக்குக் கட்டுப்பட ஆரம்பித்துவிட்டார்கள் என்று கிராஃப் சார் மேலிடத்துக்கு எழுதினார். அவளை அழைத்து, பயனர் விழிப்புணர்வு அலுவலர் என்ற பதவியும், சுழலும் நாற்காலியும், கதவு வைத்த அறையும் கொடுத்தார்கள். அடுத்து மற்ற கவுன்ட்டர்களையும் மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கே இருந்த இரண்டு பெண்களைத் தன் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விழிப்புணர்வு பெருகப் பெருக வேலையும் பெருகுகிறது என்று காரணம் எழுதினாள். உடனே சரி என்று வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கிராஃப் சார் அவள் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது.

"எங்க மாமனார் விளையாடற பெட்டி. டிஸ்க் தட்டு வெளிய வர மாட்டேங்குது. மனுஷன் வீட்டையே ரெண்டாக்குறார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பதினாலாம் நம்பர்ல, பக்கவாட்டுல அழுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே. சரியா எந்த இடத்துல அழுத்தக் கூடாது?"

அவள் எழுந்து, அலமாரியிலிருந்த மாதிரிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இங்கதான் சார். இந்த விளிம்புலேர்ந்து ரெண்டு விரல் தள்ளி. கட்டை விரலால அழுத்திக்கிட்டே பட்டனைத் தட்டக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு எண்ணுற வரைக்கும்."

அவர் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வராந்தாவில் எதிர்ப்பட்டபோது லேசாகத் தலையசைத்தார். அந்த வாரம் எச்சரிக்கைத் தாளின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போனது. பதினாலாம் நம்பருக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்ட படம் ஒன்றும் சேர்க்கச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.