நாயைத் தவிர எல்லாரும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். காதில் பெரிய தோடு, மடியில் பெரிய ரோஜா மாலை. துக்க வீட்டுக்குப் போகிறாராம். மாலை வாடிவிடக் கூடாதென்று அடிக்கடி பாட்டிலைத் திறந்து தண்ணீர் தெளித்தார். பாதி என் சட்டையில் விழுந்தது.

நான் போனில் ஒரு கொலை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன், தமிழ் டப்பிங். பங்களாவில் ஒரு பெரியவர் செத்துக் கிடக்கிறார். பக்கத்து அறையில் சொந்தக்காரர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டே துப்பறிகிறவருக்குப் பதில் சொல்கிறார்கள். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாரும்மா கொன்னிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருந்தான். பொணத்த ஊட்ல வச்சிகினு யாராவது கேக்கு துன்னுவாங்களா? ஒருத்தி கண்ணுலயாவது தண்ணி வருதா பாரு. அந்த நாய் மட்டுந்தான் தட்டத் தொடாம படுத்துருக்கு. அத உட்டுட்டு மத்தவங்கள எல்லாம் புடிச்சி உள்ள போடச் சொல்லு!"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

புதுச்சத்திரத்தில் இறங்கும்போது மாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பெரியவர எப்பப்பா எடுக்கறாங்க?"

தெரியவில்லை என்றேன். தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கடைசி எபிசோடில் கொலைகாரன் பிடிபட்டான். பெரியவரை எப்போது எடுத்தார்கள் என்று மட்டும் காட்டவேயில்லை. முதலிலிருந்து மறுபடியும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.