நான் மூடிய கடைகள்

செவிலிமேட்டிலிருந்து காலையில் கிளம்பும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்குக் கண் சொருகிவிடும். முழுத் தூக்கம் இல்லை. இமைகள் பாதி மூடியிருக்க, கடைகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்து போகும். முதலில் செல்போன் ஷோரூம். அங்கே இப்போது பிரியாணி விற்கிறார்கள். ஆனால் என் அரைத் தூக்கத்தில் நீல விளக்கு எரியும், கண்ணாடி மேஜையில் போன்கள் கால்கட்டு போட்ட மாதிரி ஒயரோடு உட்கார்ந்திருக்கும். அடுத்தது சூப்பர் மார்க்கெட். இப்போது அது டியூஷன் சென்டர். அதற்கப்புறம் சோபாவும் கட்டிலும் விற்ற மூன்று மாடிக் கட்டடம் வரும். அது இன்னும் எதுவாகவும் மாறவில்லை, வாடகைக்கு என்று எழுதிய பேனர் வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது.

மூன்றிலும் நான் வேலை பார்த்தேன். மூன்றுமே நான் வேலையில் இருக்கும்போதுதான் மூடப்பட்டன.

பெட்டிக் கடைகள் இல்லை அவை, எல்லாம் பெரிய கம்பெனிகள். டிவியில் விளம்பரம் வரும், ஊருக்கு ஊர் கிளை இருக்கும். ஒவ்வொன்றிலும் சேர்ந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். "பெருசு இது, அசைக்க முடியாது" என்று ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் குடும்பத்தில் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் உண்டு. ஐடி கார்டு மாட்டிக்கொண்டு ஏசிக்குள் போன முதல் ஆள் நான்தான். அதனால் ஒவ்வொரு கடை மூடியபோதும் கேசரி தின்ற வீடுகள் எல்லாம் வந்து துக்கம் விசாரித்தன.

மூன்றாவதும் போனபோது அத்தை சும்மா இருக்கவில்லை. அப்பாவின் தங்கை, பக்கத்து வீடு. "இன்னாடி இது, நீ காலு வெச்ச கடையெல்லாம் ஷட்டரை இறக்கிக்கினு போவுது? பேசாம அந்த ஒயின் ஷாப்புல ஒரு மாசம் வேலைக்குச் சேரு. தெருவாவது உருப்படும்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ராத்திரி படுத்தபோது சிரிப்பு வரவில்லை. ராசியாவது ஒன்றாவது என்று அடித்துப் பேசுகிற அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அப்போதெல்லாம் ஒரே கனவு. நீளமான தெருவில் நான் நடக்கிறேன், நடக்க நடக்க இரண்டு பக்கமும் ஷட்டர்கள் சத்தமே இல்லாமல் இறங்குகின்றன. நான் ஓடினால் அவையும் வேகமாக இறங்கும். பயங்கரமான கனவு என்று சொல்ல முடியாது. வெளிச்சம்கூட அழகாகத்தான் இருக்கும், சாயங்கால மஞ்சள் வெளிச்சம். எழுந்தால் மட்டும் மறுபடி படுக்க மாட்டேன்.

மூன்று கடைகள் மூடுவதை உள்ளே இருந்து பார்த்ததில் ஒன்று கற்றுக்கொண்டேன். எந்தக் கடையும் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் பாத்ரூமில் சோப்பு தீரும், புதிது வராது. அப்புறம் தண்ணீர் கேன் குறையும். கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு உடை மாற்ற மாட்டார்கள். பாட்டுச் சத்தம் கூடும், ஆஃபர் போர்டு பெரிதாகும், மேனேஜர் காரணமில்லாமல் சிரிப்பார். ஸ்டாக் எல்லாவற்றையும் கீழே இறக்கிச் சரிபார்க்கச் சொன்னார்கள் என்றால் முடிந்தது என்று அர்த்தம். கடைசி நாள் சாயங்காலம் மூன்று இடத்திலும் மேனேஜர்கள் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "கூப்பிடறோம்மா." யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் காந்தி ரோட்டில் அந்தப் பட்டுக் கடையில் வேலை கிடைத்தது. முதலாளியின் தாத்தா காலத்துக் கடை. இப்போது நான்கு மாடி, லிஃப்ட், கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. இந்த முறை வீட்டில் கேசரி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பழைய கடைகளைப் பற்றியும் அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை.

கடை எனக்குப் பிடித்துப்போயிற்று. காலையில் வெள்ளை மெத்தை விரித்து, முதல் புடவையைப் பிரிக்கும்போது புதுப் பட்டின் வாசனை வரும். அரிசிக் கஞ்சி மாதிரி, மழை நனைத்த மரம் மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனையில் நின்றுகொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. எங்கள் மாடியில் ஒரு அக்கா இருந்தாள். கைராசிக்காரி என்று பெயர். காலையில் ஷட்டரை ஏற்றுவதும் அவள்தான், முதல் போணியும் அவள் கையால்தான். முதலாளிக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை. ராகு காலத்தில் பேனாவைக்கூடத் திறக்க மாட்டார். நான் போணி நேரத்தில் வேண்டுமென்றே குடோன் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

ஆவணி, ஐப்பசி எல்லாம் கல்யாணக் கூட்டத்தில் ஓடிப்போனது. பிறகு மார்கழி வந்தது.

மார்கழியில் யாரும் முகூர்த்தப் புடவை எடுப்பதில்லை. மாலை போட்ட சாமிகளை ஏற்றிவந்த பஸ்கள் கோயிலோடு திரும்பிவிடும். காலையில் பனி கண்ணாடிக் கதவுவரை வந்து நிற்கும். கோயில் ஒலிபெருக்கி எங்கேயோ பாடிக்கொண்டிருக்கும். ஒருநாள் போய்ப் பார்த்தால் ஏசி ஓடவில்லை, மேல் மாடிகளில் பாதி விளக்குகள் அணைந்திருந்தன, லிஃப்டையும் நிறுத்தியிருந்தார்கள். நேராக பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். சோப்பு இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் தரை முழுக்க ஜமக்காளம் விரித்து, அலமாரிகளில் இருந்த புடவைகளை எல்லாம் கீழே இறக்கச் சொன்னார்கள். முடிந்தது என்று நினைத்தேன். இது ஸ்டாக் எடுக்கிற வேலை, சோபாக் கடையிலும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் யாரும் எதையும் எண்ணவில்லை. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு புடவையையும் பிரித்தார்கள், உதறினார்கள், வேறு இடத்தில் மடிப்பு வைத்து மறுபடி மடித்தார்கள். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. பனி வெளிச்சத்தில் மாடி முழுக்க அரக்கும் மயில் கழுத்தும் மாம்பழ மஞ்சளும் எழும்பி எழும்பி அடங்கின. யாருக்கும் அவசரமில்லை. ஏதோ தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். நானும் உட்கார்ந்து மடித்தேன். பயம் இருந்தும் அந்த ஒரு மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அலமாரியின் பின்மூலையில் ஒரு பெட்டி சிக்கியிருந்தது. அதை எடுத்துத் திறந்தேன். அரக்குப் புடவை, கை அகல ஜரிகை. பிரித்தேன். மடிப்போடு மடிப்பாக, சத்தமே இல்லாமல், அது என் கையில் இரண்டாகப் பிளந்தது.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மடிப்பதை நிறுத்தினார்கள். அத்தை சிரிப்பது எனக்குக் காதில் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. இந்தக் கடையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை வீட்டில் இதை நம்பி உலை வைக்கிறார்கள் என்று தோன்றியது. அவர்கள் எல்லோரையும் விட்டு நான் ஒருத்தி போய்விட்டால் போதும். அந்தக் கிழிந்த புடவையோடு கீழே இறங்கி முதலாளி முன்னால் போய் நின்றேன். அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள்.

அவர் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. முகம் சிவந்தது. "யாரு விட்டது இதை? எத்தனை மார்கழியா மடிப்பு மாத்தாம இருந்துச்சு?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நீ ஏம்மா அழுவற? உன் தப்பு இல்ல" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நான் நின்னுக்கறேன் சார்" என்றேன். "என் ராசி சரியில்ல. நான் வேலைக்குப் போன மூணு கடையும் மூடிட்டாங்க."

"மூணுமா?"

"மூணும் சார்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் கண்ணால் பார்த்தேன். அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். ராசியெல்லாம் இல்லைம்மா, போய் வேலையைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் அப்படிச் சொல்லவில்லை. முழுசாக நம்பிவிட்டார். சாமி காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காலண்டரைப் பார்த்தார்.

பிறகு, "எப்படி மூடினாங்க? ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

சொன்னேன். சோப்பு, தண்ணீர் கேன், பொம்மை, பாட்டு, மேனேஜர் சிரிப்பு எல்லாம் சொன்னேன். முந்தின நாள் இங்கே சோப்பைப் போய்ப் பார்த்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் பேசும்போதுகூட அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டு முடித்துவிட்டு மோவாயைத் தடவினார்.

"பல்லி விழுந்த தோஷத்துக்கு நம்ம ஊர்ல என்னம்மா பண்றாங்க?"

"கோயில்ல போய் அந்தத் தங்கப் பல்லியத் தொடுவாங்க."

"அதையேதான் தொடறாங்க இல்ல? அப்ப நீயும் ஷட்டரையே தொடு. இனிமே தினமும் சாயங்காலம் இந்தக் கடை ஷட்டரை நீதான் இறக்கணும். உன் ராசி அன்னன்னிக்கு அதோட கழிஞ்சுடட்டும். காலைல ஏத்தறதுக்கு இவ இருக்கா" என்று அக்காவைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போணி மட்டும் உனக்குக் கிடையாதும்மா. அதுல நான் விளையாட மாட்டேன். சோப்பு இல்லன்னா மட்டும் மொத ஆளா எங்கிட்ட வந்து சொல்லு" என்றார்.

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் சாவியை என் கையில் கொடுத்தார். சுவரில் இருந்த பட்டனை அழுத்தினேன். ஷட்டர் முனகிக்கொண்டே இறங்கியது. கனவில் கேட்காத சத்தம் அது. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் அத்தை வாயைப் பிளந்தாள். "அந்த ஆளு பொழைக்கத் தெரிஞ்சவன்டி" என்றாள். அந்தக் கனவு அதற்கப்புறம் வரவில்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன. கடை இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் யோசிப்பேன். பழைய கடைகளில் மூடுவது என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. ஆள் வராததை மறைக்கப் பாட்டைக் கூட்டினார்கள். எங்கோ தூரத்து ஊரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சோப்பு தீர்ந்தது தெரியாது, தெரிந்தவர்களைக் கேட்க ஆள் இல்லை. இங்கே ஆள் வராத மாதத்தில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிறார்கள். இவர்களும் பயந்தவர்கள்தான், ஆனால் பயத்தை வெளியில் சொல்கிறவர்கள். பெரிய கடையா சின்னக் கடையா என்பதைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

போன வருஷம் முதலாளி இறந்துபோனார். சென்னையில் படித்த அவருடைய மகள் வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். வந்த வேகத்தில் நிறைய மாற்றினாள். பில்லிங், விளக்கு, வீடியோ காலில் புடவை காட்டுவது எல்லாம் அவள் வந்தபிறகுதான். ஷட்டருக்கும் புதிதாக ஒன்று வைத்தாள், போனிலேயே ஏற்றலாம், இறக்கலாம். சுவரில் இருந்த பட்டனைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிய இடத்தில் நான்கு ஓட்டைகள் தெரிந்தன. இனி ஷட்டரை நான் இறக்கப் போவதில்லை என்றதும் எனக்குள் மறுபடி அந்தப் பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்து ரோட்டில் நின்றோம். அவள் போனை எடுத்தாள். விரல் அதன்மேல் போய் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுடைய அப்பா ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லக்கா" என்றாள்.

"எனக்கும் இல்லம்மா" என்றேன். இரண்டு பேரும் பொய் சொன்னோம்.

அவள் போனை என் கையில் கொடுத்தாள். அழுத்தினேன். ஷட்டர் இறங்கித் தரையைத் தொட்டது. போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பியவள், "காலைல பாக்கலாம்க்கா" என்றாள். மூன்று கடைகளின் கடைசிச் சாயங்காலங்களிலும் ஒருவர்கூட என்னிடம் சொல்லாத வார்த்தை அது. பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன்.