வரவேற்க மூன்று பாஷை, அதட்ட என் பாஷை

எனக்குப் படிப்பு மூன்றாம் கிளாஸோடு சரி. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மற்ற எழுத்தெல்லாம் கோலம் மாதிரிதான் தெரியும். கல்கத்தாவுக்கு வந்து ஐம்பது வருஷமாகியும் பஸ்ஸை நம்பர் பார்த்துத்தான் ஏறுகிறேன். அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. பக்கத்திலிருக்கும் அலிப்பூருக்குக் கிளம்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் போய் இறங்கினது நான் இல்லை, நாலு பாஷை படித்த என் வீட்டுக்காரர்.

ஜாதவ்பூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் தமிழ் வீடு எட்டு. மற்றதெல்லாம் வங்காளிகள். கேட்டில் பெரிய போர்டு. வங்காளத்தில், இந்தியில், இங்கிலீஷில் 'நல்வரவு' என்று போட்டிருக்கிறதாம். மருமகள் படித்துச் சொன்னாள்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு செம்பருத்திச் செடியில் ஓர் அட்டை தொங்கியது. தமிழில். தமிழில் மட்டும். 'பூப் பறிக்காதீர்கள்.'

ஒரு நிமிஷம் பூரித்துப்போனேன். இந்த ஊரில் நம் எழுத்தையும் மதித்து மாட்டியிருக்கிறார்களே என்று. கூடையில் அதே செடியில் அன்றைக்குப் பறித்த பூ பதினொன்று இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. மற்ற ஏழு வீட்டிலும் எல்லாரும் இங்கிலீஷ் படிக்கிறவர்கள். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஆள் இந்தக் காம்பவுண்டில் நான் ஒருத்திதான். அது அறிவிப்பு இல்லை, எனக்கு வந்த கடுதாசி.

கமிட்டிச் செயலாளர் நம்மவர்தான், பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"அட்டையை எழுதினது யாரு?"

"என் ஆத்துக்காரி, மாமி. எனக்குத் தமிழ் எழுத வராதே."

"வாங்கோன்னு சொல்ல மூணு பாஷை இருக்கு. பறிக்காதேன்னு சொல்ல மட்டும் தமிழா?"

"கேட்டுல தமிழ் எதுக்கு மாமி? நம்மவா எல்லாரும் இங்கிலீஷ் படிக்கிறவாதானே."

"அப்போ பூவையும் இங்கிலீஷ் படிக்கிறவாதான் பறிச்சிருப்பா."

உள்ளே அவர் மனைவி சிரிப்பது கேட்டது. நான் எழுந்துகொண்டேன்.

"கேட்டுல தமிழையும் போடுங்கோ. அன்னியிலேர்ந்து ஒரு பூவைக்கூடப் பறிக்கமாட்டேன். அதுவரைக்கும் பறிப்பேன்."

கமிட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசியது. நான் தினம் காலையில் கூடையோடு போய்வந்தேன். மூன்றாவது ஞாயிறு போர்டு எழுதுகிறவன் வந்துவிட்டான். பார்த்து எழுத மாதிரி கேட்டான். செயலாளர் மனைவியோ சென்னையில் பெண் வீட்டுக்குப் போயிருந்தாள். தமிழைப் பற்றி இரண்டு வாரம் பேசிய நம்மவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஓர் எழுத்து எழுத ஆளில்லை. கடைசியில் நான்தான் காகிதத்தில் 'வாங்கோ' என்று எழுதிக் கொடுத்தேன்.

எனக்குக் கை நடுங்கும். அவன் வங்காளி, தமிழ் தெரியாது, ஆனால் நேர்மையானவன். நடுக்கத்தையும் விடாமல் அப்படியே வரைந்துவிட்டான். இப்போது காலேஜ் பெண்கள் அதைப் புது தினுசு எழுத்து என்று நினைத்து முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒரு பூவைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் தினம் காலையில் செடி மொட்டையாக நின்றது. ஒருநாள் போய்ப் பார்த்தால், கீழ்வீட்டு வங்காளி தீதி காளிக்கென்று தட்டு நிறையப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையைப் பார்க்கலையா தீதி?" என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் கேட்டேன்.

"பார்த்தேனே. உங்க பாஷையில் ஏதோ மந்திரம்னு நினைச்சேன்," என்றாள். சொல்லிவிட்டு என் கையில் ஐந்து பூ வைத்தாள்.

வாங்கிக்கொண்டேன். பறிக்கமாட்டேன் என்றுதானே சொல்லியிருந்தேன்.