முட்டியில் மெத்தை வைத்த ஜீன்ஸ்

சபையில் எழுந்து நின்றால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை என்னைத் தாங்கிய கர்த்தருக்கே துதி.

போன தை மாதம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். அவர் பயந்துபோய் மாட்டேன் என்றுவிட்டார். நான் உடைந்துபோனேன். எங்கள் ஊர் ஓமந்தூர் பக்கம். பஸ் ஏறினால் எனக்கு வாந்தி நிற்காது. விழுப்புரத்தில் வேலை பார்க்கும் என் மகள் ஸ்டெல்லா தன் பைக்கில் தினமும் கூட்டிப்போனாள்.

முதலில் ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்தேன். ஒருநாள் திண்டிவனம் போவதற்குள் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றி என்னைக் கீழே இழுத்தது. முழங்கால் தோல் உரிந்தது.

"புடவ வேலைக்கு ஆவாதுமா. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரு. பைக்குல போறவங்க போடற ஜீன்ஸ் வாங்கித் தர்றேன்."

"செத்தாலும் பேண்ட்டு போட மாட்டன்டி."

"செத்தவங்களுக்கு எதுக்கு பேண்ட்டு? நீ உசுரோட இருக்கத்தான் வாங்கறேன்."

திண்டிவனத்தில் ஹெல்மெட் விற்கிற கடைக்குக் கூட்டிப்போனாள். என் அளவில் இல்லாமல் போகட்டும் ஆண்டவரே என்று வழியெல்லாம் ஜெபித்தேன். கடைக்காரர் முதலில் காட்டியது மெல்லிசு. ஸ்டெல்லா தள்ளிவிட்டாள். இன்னொன்றின் உள்ளே மஞ்சள் துணி கெட்டியாகத் தைத்திருந்தது. ரோட்டில் உராய்ந்தாலும் சட்டென்று தேயாதாம். இடுப்பிலும் முட்டியிலும் மெத்தை. அது என் அளவில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். நிற்கும்போது சரியாக இருக்கிற மெத்தை சிலதில் உட்கார்ந்தால் நகர்ந்துவிடுமாம்.

"உக்காந்தாலும் முட்டி மேலயே இருக்குது. இதான்," என்றாள். கண்ணாடியில் என் கால்களைப் பார்த்து அழுதேன்.

வீட்டிலிருந்து ஜீன்ஸுக்கும் ஸ்டெல்லாவின் பழைய சட்டைக்கும் மேல் புடவை சுற்றிக்கொண்டு ஊர் எல்லைவரை நடப்பேன். பஸ் நிழற்குடைக்குப் பின்னால் புடவையை அவிழ்த்துப் பையில் வைப்பேன். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்முன் மறுபடி சுற்றிக்கொள்வேன். யார் கண்ணிலும் படாமல் என்னை மறைத்துக்கொள்ளும் என்பதுதான் என் ஜெபம். வீட்டுக்காரருக்காக ஜெபித்ததைவிட அதைத்தான் அதிகம் ஜெபித்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். இனிமேல் தள்ளிப்போட முடியாது, உங்களைப் பார்க்காமல் அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார், உடனே வாங்க என்றார்கள். புறப்பட்டோம். விக்கிரவாண்டி அருகே நாய் குறுக்கே ஓடியது. வண்டி சறுக்கி இருவரும் தாரில் தேய்ந்துகொண்டே போனோம். "இயேசுவே" என்பதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை.

ஸ்டெல்லாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. என் முட்டியில் மேல்துணி கிழிந்திருந்தது. உள்ளே மஞ்சள் துணி அப்படியே இருந்தது. ரத்தமில்லை. புடவைப் பை மட்டும் ரோட்டோரச் சாக்கடையில் கிடந்தது.

ஜீன்ஸோடுதான் வார்டுக்குள் போனேன். எல்லோரும் பார்த்தார்கள். நான் தலை நிமிரவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மேரி, மிலிட்டரில சேந்துட்டியா?"

"உங்களப் பாக்கத்தாங்க இப்பிடி வந்தேன். வழில விழுந்துட்டோம்."

கிழிந்த முட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"தெருவுல நடக்கவே கூச்சப்படுவ. நீயே இதப் போட்டுக்கினு வந்துட்ட. எனக்கு இன்னா பயம்? டாக்டர வரச் சொல்லு, கையெழுத்துப் போடறேன்."

அவரை உள்ளே கொண்டுபோனதும் அந்தத் தரையிலேயே முழங்கால்படியிட்டேன். முட்டிவலியால் பல வருஷமாக உட்கார்ந்தபடிதான் ஜெபித்துவந்தேன். அன்றைக்கு அந்த மெத்தை தாங்கியது. ஆஸ்பத்திரியே பார்த்தாலும் சரி, என்னை மறைத்துக்கொள்ளும் என்று கேட்கவில்லை. அவரைத் திருப்பிக் கொடும் என்று மட்டும் கேட்டேன். கர்த்தர் கொடுத்தார்.

இப்போது அவர் வீட்டில் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டு என்னை மிலிட்டரி என்று கூப்பிடுகிறார். செக்கப்புக்குப் போகும்போது நான் நிழற்குடைக்குப் பின்னால் ஒளிவதில்லை. கூச்சம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கூச்சத்தோடேதான் போகிறேன்.

உங்களுக்கு என்ன கஷ்டமோ, கர்த்தரிடம் கேளுங்கள். அனுப்புவார். அது என்ன வடிவில் வந்தாலும் வெட்கப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிற சகோதரிகள் யாருக்காவது அந்தக் கடை எங்கே என்று தெரியவேண்டுமானால், ஆராதனை முடிந்தபின் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேளுங்கள். சொல்கிறேன்.